சீனா காவ்காவ் ஆங்கிலத் தேர்வு: கேட்டல் பகுதிக்கு வழி சொல்லுங்கள்

சீனாவில் சாங்ஷா நகரில், பள்ளி இறுதியாண்டு மாணவன் ஒருவனுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஜூனில் காவ்காவ், அதாவது கல்லூரி நுழைவுத் தேர்வு. ஆங்கிலத் தாளுக்கு மொத்தம் 150 மதிப்பெண். வாசிப்பு 50, அதில் கவலையில்லை. இலக்கணத்தில் 10 கோடிட்ட இடங்கள். சீன மொழியில் 'ஏ', 'தி' எல்லாம் கிடையாது என்பதால் அங்கே வழுக்குகிறான். சரி, அதைச் சமாளித்துவிடலாம்.

சிக்கல் 30 மதிப்பெண் கேட்டல் பகுதியில். அதிலும் முதல் 5 குட்டி உரையாடல்கள். ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும், பதிலுக்கு 10 விநாடி. இரண்டு முறை ஒலிக்கும் நீண்ட உரையாடல்களை நன்றாகவே செய்கிறான். விலை, நேரம் கேட்டாலும் பிரச்சினை இல்லை. ஆனால் ஒருவர் 'வர ஆசைதான், நாளைக்குப் பரீட்சை இருக்கிறதே' என்று நாசூக்காக மறுத்தால், 'வருகிறார்' என்று குறித்துவிடுகிறான்.

பழைய வினாத்தாள் ஆடியோ, டிக்டேஷன், கூடவே திருப்பிச் சொல்வது, வேகத்தைக் கூட்டிக் கேட்பது எல்லாம் பார்த்தாயிற்று. வேடிக்கை என்னவென்றால் டிக்டேஷனில் அதே வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் எழுதுகிறான். அப்புறம் நாள் முழுக்கப் பள்ளி, இரவிலும் சுயபடிப்பு வகுப்பு. எனக்குக் கிடைப்பது ஞாயிறு மதியம் மட்டும்.

ஒரே முறை கேட்டு, பேசுபவரின் உள்நோக்கத்தைப் பிடிக்க எந்த மாதிரிப் பயிற்சி கொடுக்கலாம்?