ஹப்புத்தளைக் கல்லில் எண்ணெய் இருக்குமா?

கொழுந்துமலை: அண்ணாமார், ஹப்புத்தளையில ரோட்டுக்கு வெட்டின மேட்டுக் கல்லில கறுப்பு வரி ஓடுது. ஷேல் பாறையும் கறுப்புத்தானே, அப்ப எண்ணெய் இருக்குமா?

கல்லுச்சுத்தியல்: இருக்காது தம்பி. வெள்ளைத் தாளில தேய்ச்சுப் பாருங்க. சாம்பல் கோடு விழுந்தா காரீயம், அதாவது பென்சில்ல இருக்கிற கிராபைட். நகத்தால மினுங்கும் தகடு உரிஞ்சா மைக்கா. ஷேல் என்பது இறுகின சேறு. ஒட்சிசன் இல்லாத நீரடியில பாசி சேற்றோட புதையணும், இல்லாட்டி மட்கிப் போயிரும். புதைஞ்சது கெரோஜன் ஆகும். ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியஸில் அது எண்ணெயா மாறும், அதுக்கு மேல வாயு. தரையிலேயே 25 பாகை அளவு இருக்க, கிலோமீற்றருக்கு 30 பாகை கூடினா, 120ஐத் தொட 3 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல புதையணும். நம்ம மலைப்பாறையோ 800 பாகையையும் தாண்டி வெந்தது. அந்தச் சூட்டில் மிஞ்சுறது காரீயம்தான்.

கொழுந்துமலை: எண்ணெய் ஷேலுக்குள்ளேயே ஏன் தங்குது?

ஆழ்துளை: எல்லாம் தங்காது. எண்ணெய் உண்டாகும்போது அமுக்கம் ஏறி, ஒரு பங்கு மணற்கல்லுக்குத் தப்பிரும். மிச்சம் நனோமீற்றர் அளவுத் துளைகளில் மாட்டிக்கிடும். மீதேன் வாயு கெரோஜன் மேலேயே ஒட்டியிருக்கும். அதனாலதான் கிடையாத் துளைச்சு, நீரும் மணலும் அழுத்தி வெடிப்பு உண்டாக்குறாங்க. மணல் போகாட்டி வெடிப்பு திரும்ப மூடிரும். களி கூடின ஷேல் இன்னும் தொல்லை, உடையாம மசிஞ்சு கொடுக்கும்.

கல்லுச்சுத்தியல்: வாயு தேடுறதுன்னா மன்னார்க் கடலடி. 2011இல் அங்க தென்பட்டது, அதுவும் மணற்கல்லில்.