'முதிர்திறன்' போதுமா? போர்ட் ஒயினுக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். விடுதி மேலாண்மை மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன், வெள்ளிக்கிழமை கெடு. போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் விளையும் விண்டேஜ் போர்ட் (ஒரே ஆண்டின் அறுவடையில் செய்யும் இனிப்பு ஒயின்) பற்றிய பகுதியில் நின்றுவிட்டேன். சிறந்த அறுவடை ஆண்டுகளில் மட்டுமே இதை அறிவிக்கிறார்கள். 1963, 1994, 2011 அப்படிப்பட்டவை. பீப்பாயில் இரண்டு ஆண்டு அளவில் இருந்துவிட்டுப் புட்டிக்குப் போனால், பிறகு பல பத்தாண்டுகள் அங்கேதான். சுவைத்துப் பார்த்து, இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று குறிக்கச் சுவைக்குறிப்பு அட்டையில் ஓர் இடம் இருக்கிறது. அதற்குத் தலைப்பு வேண்டும். 'சேமிப்புக் காலம்' என்றால் மாத்திரை அட்டை நினைவுக்கு வருகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'நாட்படுமை' என்க. 'தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்' என்று ஔவையார் பாடியிருக்க (புறம் 392) வேறு சொல் எதற்கு? தேறல் என்பதும் தேறு என்னும் வேரிலிருந்து வந்தது, தேறுதலாவது தெளிதல். மண்டி கீழே படிய, மேலே தெளிந்து நிற்கும் மதுவே தேறல். போர்ட் என்பதையும் 'துறைத்தேறல்' எனலாம். 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' துறையில் வந்து இறங்கியதுதானே?

விடுதி மேலாண்மை ஆசிரியை:
ஐயா, துறையில் திராட்சை விளைவதில்லை. அது ஆற்றின் மேல்பகுதியில், மலைச்சரிவுப் படிகளில் விளைகிறது. கிடங்குகளும் போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையில், விலா நோவா டி கையாவில் இருக்கின்றன. துறைத்தேறல் என்று வகுப்பில் சொன்னால், தூத்துக்குடிச் சரக்கா என்று கேட்பார்கள்.

கேள்விக்கு வருகிறேன். கெடாமல் இருப்பது வேறு, வைக்க வைக்க மெருகேறுவது வேறு. நொதித்தல் முடியும் முன்பே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவதால் சர்க்கரை மிஞ்சுகிறது. ஆல்கஹாலும் 20 சதவீத அளவில் இருக்கிறது. எனவே மூடிய புட்டி எளிதில் கெடாது. மெருகேறுமா என்பதற்குத்தான் நாக்கு வேண்டும். வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். இளையது விளிம்புவரை கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து இருக்கும். வயதானதன் விளிம்பு செங்கல் நிறமாக வெளிறும். நிறமிகளும் துவர்ப்புப் பொருள்களும் பிணைந்து கனத்து மண்டியாக இறங்குவதே காரணம். ஈறைப் பிடிக்கும் துவர்ப்பும், புளிப்பும், பழச்சுவையும் குறையாமல் இருந்தால் இன்னும் வைக்கலாம். பழம் வற்றிப்போய்ச் சாராயத்தின் காட்டம் மட்டும் தொண்டையில் நின்றால் காலம் கடந்துவிட்டது.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:
'முதிர்திறன்' போதும். கேட்டவுடன் புரியும். நாட்படுமைக்கு அடிக்குறிப்பு வேண்டும். அடிக்குறிப்பு கேட்கும் தலைப்பு தலைப்பே அல்ல. ஒற்று மிகுமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:
வினைத்தொகையில் வலி மிகாது. ஊறுகாயை மறந்தீர்களோ? ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். முதிர்திறனிலும் அவ்வாறே முக்காலமும் மறைந்து நிற்கும். இலக்கணம் சொன்னேன், சொல்லை ஏற்கவில்லை.

ஆசிரியை:
அந்த மூன்று காலத்தையும் பிரித்துச் சொல்லத்தானே சுவைப்பவர் கோப்பையைக் கையில் எடுக்கிறார்! முதிர்ந்துவிட்டதா, முதிர்கிறதா, இனிமேல்தானா? தலைப்பு முதிர்திறனாகவே இருக்கட்டும். அதன் கீழே 'வைக்கலாம்', 'குடிக்கலாம்', 'கடந்தது' என்று மூன்று கட்டம் போட்டுவிடுங்கள். இன்னொன்று: மண்டி கலங்காமல் வேறு குடுவைக்கு மெல்ல ஊற்றுவதை 'வடித்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சோற்றுக்கு. இங்கே 'இறுத்தல்' பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர்:
இறுத்தல், கட்டங்கள், முதிர்திறன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டேன். நாளை காலை அனுப்பியாக வேண்டும். ஐயா பொறுத்தருள்க.

தமிழாசிரியர்:
மாங்காய்க்கும் மனிதனுக்கும் முதிர்திறன் உண்டு. தேறலுக்கு நாட்படுதலே உரியது. என் மறுப்பு பதிவாகட்டும். அதோடு, 'பீப்பாய்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது 'பிப்பா' என்னும் போர்ச்சுக்கீசியச் சொல். ஒருவரும் வாய் திறக்கவில்லை! 'மிடா' இருக்கும்போது அது எதற்கு?

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:
மிடா மண்பாண்டம் ஐயா. இது மரம். மேலும், போர்ட்டின் பீப்பாய்க்கு அந்த ஊரிலேயே அதுதான் பெயர்.

தமிழாசிரியர்:
'மரமிடா' என்க. தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.