புதுப் பேட்டரியும் படுத்தது: நின்ற காரில் சார்ஜ் எங்கே போனது?

மூன்று நாள் வண்டியை எடுக்காமல் இருந்தால் போதும். நான்காம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வரும், செல்ஃப் எடுக்காது. தினமும் ஓட்டுகிற வாரங்களில் இந்தத் தொல்லையே கிடையாது. இந்த வேறுபாட்டை நான் முதலிலேயே யோசித்திருந்தால் ஒரு பேட்டரிக்கான செலவு மிச்சமாகியிருக்கும். பணிமனையில் "பேட்டரிக்கு வயதாகிவிட்டது" என்றார்கள், மாற்றினேன். அடுத்த தொடர் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் புதுப் பேட்டரியும் அதேபோல் படுத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தேன்: 12.7 வோல்ட். காரில் மாட்டாமல் இரண்டு நாள் தனியாக வைத்தேன், அளவு குறையவே இல்லை. காரில் மாட்டி இரண்டு நாள் விட்டேன், 12.2க்கு வந்துவிட்டது. ஏறத்தாழ பாதிச் சார்ஜ் போய்விட்டது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது 14.2 காட்டியதால் சார்ஜ் ஏறுவதிலும் குறை இல்லை. ஆக, நின்றுகொண்டிருக்கும் காருக்குள் ஏதோ ஒன்று இரவும் பகலும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

அது எவ்வளவு என்று அளப்பதற்கு மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் நடுவில் இணைக்க வேண்டும். இந்த நிலையில் தவறியும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் போய்விடும். நான் இணைத்தவுடன் 3 ஆம்பியருக்கு மேல் காட்டியது. பதறிவிட்டேன். ஆனால் அது கசிவு அல்ல. கேபிளைத் திரும்ப இணைத்ததும் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன, அவை மறுபடி தூங்கும்வரை காத்திருக்க வேண்டும். சில வண்டிகளில் பத்து நிமிடம், சிலவற்றில் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தேன். கதவு மூடியிருப்பதாகக் கார் நம்ப வேண்டும் அல்லவா? ரிமோட் சாவியைத் தள்ளிக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டேன். இருபது நிமிடம் கழித்து எண் 0.43இல் வந்து நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. வழக்கமாக 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 0.43 என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி. என்னுடையது 45 ஆம்பியர் மணி பேட்டரி. மூன்று நாள் கணக்கு அப்படியே பொருந்தியது.

அடுத்து ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினேன். ஒன்றைத் திரும்பச் செருகியதும் ஏதோ ஒரு பெட்டி விழித்து எண் மறுபடி ஏறியது. இன்னொரு இருபது நிமிடம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீசியன் ஒருவர் இருக்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு, "பிடுங்காதீர்கள் தம்பி, அதன் தலையிலேயே அளந்து பாருங்கள்" என்றார். எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய உதவி அதுதான். ஃப்யூஸின் தலையில் கடுகளவு இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். பேட்டரி கேபிளைப் பழையபடி மாட்டிவிட்டு, கார் தூங்கியபின் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்தப் புள்ளிகளைத் தொட வேண்டும். மின்சாரம் ஓடாத ஃப்யூஸில் பூஜ்யம் காட்டும். ஒரே ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸ் மட்டும் 3 மில்லிவோல்ட் காட்டியது.

அந்த ஃப்யூஸ் உள்விளக்குகளுக்கானது. டிக்கி விளக்கைப் பார்த்தேன், மூடினால் ஒழுங்காக அணைகிறது (கைபேசியில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் தெரிந்துவிடும்). கூரை விளக்கும் அணைந்தே இருந்தது. இரவில் ஷெட் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. முன் இருக்கைக்கு மேலே, மடித்து வைத்த வெயில் மறைப்புக்கும் கூரைத் துணிக்கும் இடையில் நகக்கீற்றுப் போல ஒரு வெளிச்சக் கோடு. தொட்டால் அந்த இடத்தில் துணி சுட்டது. முகம் பார்க்கும் கண்ணாடியின் மூடி விளிம்பில் சிறிது உடைந்திருந்ததால் முழுதாக மூடவில்லை, உள்ளே 5 வாட் பல்பு ஓயாமல் எரிந்திருக்கிறது. பகலில் அது கண்ணுக்கே தெரியாது. பல்பைக் கழற்றினேன், 0.02 ஆம்பியர்.

* * *

உங்களுக்கு ஃப்யூஸ் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு ஒரு ஃப்யூஸில்கூட மில்லிவோல்ட் வரவில்லை, ஆனால் மீட்டரில் 1.2 ஆம்பியர் நின்றது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு நாள் விடியற்காலையில் பானெட்டைத் திறந்து தற்செயலாக ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) கை வைத்தேன். இன்ஜின் சில்லென்று இருக்கிறது, ஆல்டர்னேட்டரில் மட்டும் வெதுவெதுப்பு. உள்ளே இருக்கும் டையோடுகள் மின்சாரத்தை வெளியே மட்டும்தான் விட வேண்டும். அவற்றில் ஒன்று பழுதாகி, இன்ஜின் நின்ற பிறகு பேட்டரியிலிருந்து பின்வழியாக இழுத்துக்கொண்டிருந்தது. அதன் தடித்த கேபிள் நான் சோதித்த ஃப்யூஸ்கள் எதன் வழியாகவும் போகவில்லை. நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்தக் கேபிளை விடுவித்து டேப் சுற்றி வைத்து மறுபடி அளந்தேன், 0.03க்கு இறங்கியது. சார்ஜிங் 13.9 வோல்ட் வருகிறதே, ஆல்டர்னேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று மெக்கானிக் அதுவரை சாதித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த எண்ணை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

* * *

என்னுடையது சிறிய கதை. பழைய வண்டியில் புது ஸ்டீரியோ பொருத்தியவர் மஞ்சள் கம்பியையும் சிவப்புக் கம்பியையும் சேர்த்தே முறுக்கிவிட்டார். மஞ்சளுக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். இரண்டும் சேர்ந்ததால் ஸ்டீரியோ தூங்கவே இல்லை. கம்பியைப் பிரித்துச் சரியான இடத்தில் சேர்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கேமரா, டிராக்கர் என்று பிறகு பொருத்திய எதுவாக இருந்தாலும் அதை முதலில் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

* * *

ஆல்டர்னேட்டரில் கை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியே இருக்காது, எழுதியதற்கு நன்றி. என் வண்டி பத்து நாள் நின்றிருந்தது. இன்று காலை 12.6 வோல்ட், முதல் திருப்பிலேயே கிளம்பியது. மூடி புதிதாகக் கிடைக்கும்வரை அந்தப் பல்பை மறுபடி மாட்டப் போவதில்லை.