நேட்டாலுக்குத் தனியாகக் கப்பலேறிய பெண்கள்

கேள்வி: கரும்புத் தோட்டம் போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து நேட்டால் (இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள பகுதி) போன கப்பல்களின் ஆள்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள், ஆனால் பல பெண்களுக்குக் கணவன் என்று யாரும் இல்லை. அந்தக் காலத்தில் இவர்கள் எப்படித் தனியாகக் கடல் தாண்டினார்கள்? ஏமாற்றி ஏற்றிவிட்டார்களா?

பதில் 1: ஏமாற்றும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. 100 ஆணுக்கு 40 பெண் என்று விதி இருந்ததால் ஆள்பிடிக்கிறவர்கள் விதவை, கைவிடப்பட்டவள், பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவள் என்று தேடிப் பிடித்தார்கள். போக இடமில்லாதவள் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

பதில் 2: கூலியையும் பாருங்கள். 1860இல் முதல் கப்பல் போனபோது ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தக் காலம் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்!

பதில் 3: சரி, ஒப்பந்தம் முடிந்தாலும் விட்டார்களா? மறுபடி கையெழுத்துப் போடாமலும் ஊர் திரும்பாமலும் அங்கேயே இருந்தால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி, அப்புறம் அதை 13 வயதுப் பெண்பிள்ளைகள் தலையிலும் கட்டினார்கள். 1913இல் நேட்டாலில் உள்ள நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய், அந்த வரியை எதிர்த்து வேலையை நிறுத்தச் சொன்னவர்களில் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர், பலர் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள்.