சிறுநீரகம் நன்றாக இருக்கும் பச்சிளங்குழந்தைக்கு டயலிசிஸ் எதற்கு?

கேள்வி – கல்முனையிலிருந்து ஒரு தாய்மாமன்

என் தங்கையின் மகன் நல்ல நிறையுடன் பிறந்தான். மூன்றாம் நாள் பால் குடிக்க மறுத்து, வாந்தியெடுத்துச் சோர்ந்து போனான். கிருமித் தொற்றாக இருக்கலாமென்று முதலில் மருந்து ஏற்றினார்கள். இப்போது மட்டக்களப்பில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். இரத்தத்தில் அமோனியா 700ஐத் தாண்டிவிட்டது, பரம்பரை அனுசேபக் கோளாறாக (உணவை உடல் மாற்றிப் பயன்படுத்துவதில் பிறவிக் குறை) இருக்கலாம், உடனே வயிற்றின் வழியாக டயலிசிஸ் செய்ய வேண்டும் என்று வைத்தியர் கையொப்பம் கேட்கிறார். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதே, பிறகு எதற்கு இது? கொழும்புக்குக் கொண்டுபோகும்வரை பொறுக்கலாமா? தாய்ப்பாலே நஞ்சாகிவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தங்கை அழுதபடியே இருக்கிறாள்.

பதில் – சிறுவர் பிரிவில் பணியாற்றிய தாதி

தம்பி, கையொப்பத்தைத் தாமதிக்க வேண்டாம். புரதத்திலிருந்து உண்டாகும் அமோனியாவை யூரியாவாக மாற்றுவது ஈரல். அதற்குரிய நொதிகளில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருந்தால், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அமோனியா தேங்கி மூளையை வீங்கச் செய்யும். பச்சிளங்குழந்தைக்கு ஏறக்குறைய 100க்குள் இருக்க வேண்டிய அளவு 500ஐக் கடந்தால், மருந்தை மட்டும் நம்பி இருப்பதில்லை, டயலிசிஸ் மூலம் அமோனியாவை வெளியே எடுப்பார்கள். இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பதே வேகமானது என்பது உண்மைதான். ஆனால் வயிற்றறைக்குள் மெல்லிய குழாய் வைத்துத் திரவத்தை விட்டு எடுக்கும் முறையை, பழகிய கைகள் இருந்தால் இங்கேயே தொடங்கலாம். மயக்கம் நீளநீள மூளைக்குச் சேதம் கூடுமென்பதால் இந்த நேரம் விலைமதிப்பற்றது. பின்னர் கொழும்புக்கு அனுப்பினாலும் குளுக்கோஸ் சேலைன் வழியில் நிற்கக் கூடாது. அமோனியா குறைந்த பிறகு மீண்டும் ஏறுவதுண்டு. அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

பதில் – அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய்

உங்கள் தங்கையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பால் நஞ்சல்ல, அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. என் மகளுக்கும் புரதத்தை நிறுத்தினார்கள். ஆனால் ஓரிரு நாட்களுக்கு மேல் நிறுத்தினால் உடலே தன் தசையைக் கரைத்து அமோனியாவைக் கூட்டுமென்று விளக்கி, என் பாலையே அளந்து குழாய்வழி கொடுத்தார்கள். அதற்காகப் பாலை எடுத்துப் போத்தலில் நாளும் நேரமும் எழுதி வைத்தேன். அவரும் இப்போதே பால் எடுக்கத் தொடங்கட்டும், இல்லாவிட்டால் சுரப்பு வற்றிவிடும்.

பதில் – மீண்டும் தாதி

இன்னொன்று, தம்பி. எந்த நொதி என்பதை அறிய இரத்தமும் சிறுநீரும் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இவற்றில் பல கோளாறுகள் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புடன் திரும்ப வரக்கூடியவை. ஆகவே அடுத்த கர்ப்பத்தின்போது தாய் சேய் கிளினிக்கில் முதல் நாளே சொல்லிவிட்டால், குழந்தை பிறந்தவுடனேயே அமோனியாவைப் பார்க்க ஏற்பாடு செய்வார்கள்.