மேலே ஓடையை மறித்துவிட்டார்கள், நீர்போகத்துக்குத் தண்ணீர் இல்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: கேரட் விவசாயி, கேத்தி பக்கம்

வணக்கம். எங்களுக்கு ஒண்ணேகால் ஏக்கர் படிக்கட்டு நிலம். சோலை ஓரத்து ஊற்றிலிருந்து இறங்கும் ஓடைதான் மாமனார் காலத்திலிருந்து தண்ணீர். கார்போகத்தை மழை பார்த்துக்கொள்ளும். ஜனவரியில் விதைக்கும் நீர்போகம் முழுக்க இந்த ஓடையை நம்பித்தான்.

எங்களுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் இரண்டு வருடம் முன்பு கைமாறியது. வாங்கியவர்கள் தங்கும் விடுதி கட்டி, ஓடையின் குறுக்கே சிமெண்ட் தடுப்பு வைத்து மோட்டார் போட்டிருக்கிறார்கள். கேரட் விதைத்து நாற்பது நாள் ஆகிறது. பாதி நிலம்கூட நனையவில்லை. கேட்டால், "ஊற்றே வற்றிவிட்டது" என்கிறார்கள். கன்சல்டன்ட் ஒருவர் அறிக்கை எழுதித் தர நாற்பதாயிரம் கேட்டார். அவர் ஓடைப் பக்கம் ஏறிப் பார்க்கவே இல்லை. நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற நீர்வளப் பொறியாளர், குன்னூர்

அம்மா, நகையைத் தொடாதீர்கள். ஓடையை அளக்காமல் எழுதும் அறிக்கை கோர்ட்டில் நிற்காது. முதல் அளவை நீங்களே எடுக்கலாம்.

இருபது லிட்டர் பெயிண்ட் வாளி, ஒரு பிவிசி குழாய், கைபேசியில் ஸ்டாப்வாட்ச், இவ்வளவு போதும். மண்ணால் சின்ன வரப்பு கட்டி எல்லாத் தண்ணீரும் குழாய் வழியே விழும்படி செய்யுங்கள். வாளி நாற்பது விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு அரை லிட்டர், ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். தடுப்புக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், இரண்டையும் ஒரே மணி நேரத்துக்குள் அளக்கவேண்டும். மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் தனித்தனியாக எடுங்கள். மேலேயும் குறைவாக இருந்தால் ஊற்று குறைந்திருக்கிறது, அவர்கள் சொல்வது சரி. மேலே நிறைய, கீழே கொஞ்சம் என்றால் தண்ணீர் தடுப்பில்தான் போகிறது. இது தெரியாமல் யார்மேலும் புகார் எழுதாதீர்கள்.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (ஊர் நிலங்களின் கணக்கு) எஃப்.எம்.பி. வரைபடமும் (நிலத்தின் அளவு காட்டும் படம்) கேளுங்கள். ஓடை புறம்போக்கு என்று இருந்தால் அதில் சிமெண்ட் போட்டது ஆக்கிரமிப்பு. திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்திலேயே மனு கொடுக்கலாம்.

பட்டா நிலத்துக்குள் ஓடினாலும் உங்களுக்கு உரிமை உண்டு. வக்கீல்கள் ஈஸ்மெண்ட் ஆக்ட் என்று சொல்லும் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவைப் படியுங்கள். இயற்கையான ஓடைக்கரையில் நிலம் வைத்திருப்பவர் குடிக்க, வீட்டுக்கு, மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கலாம். பாசனத்துக்கும் எடுக்கலாம், ஆனால் அதே ஓடைக்கரையில் உள்ள மற்றவருக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடாது. இந்த உரிமை நிலத்தோடு வருவது, இத்தனை வருடம் அனுபவித்தோம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆள் வெட்டிய வாய்க்கால் என்றால் கணக்கு வேறு. அங்கேதான் 15-வது பிரிவின்படி இருபது வருடம் தடையில்லாமல் அனுபவித்ததைக் காட்டவேண்டும். ஆகவே உங்களுடையது ஓடையா வாய்க்காலா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பல வழக்குகள் சறுக்குவது இங்கேதான்.

பொறியாளர் தேவைப்பட்டால் மே வரை வாராவாரம் வந்து அளப்பவரைப் பிடியுங்கள். வி-நாட்ச் தகடு, அதாவது ஆங்கில V வடிவில் வெட்டிய அளவுத் தகடு, ஓடையின் குறுக்கே வைப்பார். தொண்ணூறு டிகிரி தகட்டில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போனால் விநாடிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். உங்கள் ஓடைக்கு அது போதும்.

பதில்: பூம்பாறை பூண்டு விவசாயி

அக்கா, ஊற்றுக்கு மேலே கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில்) நிற்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் நீலகிரியிலேயே, கிளென்மார்கனில், புல்வெளியில் கற்பூர மரம் நட்டு ஓடைகளை அளந்தார்கள். முதல் பத்து வருடத்தில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது, வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுற்றில் சுமார் 25. எங்கள் ஊற்றும் அப்படித்தான் சுருங்கியது. அது தெரியாமல் நாங்கள் பக்கத்து நிலத்துக்காரர்மேல் பழி போட்டு, அவரோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தோம். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

கேள்வி கேட்டவர்

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. இன்று காலை ஏழு மணிக்கு மகனோடு ஏறி அளந்தோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு மேலே வாளி நிறைய 38 விநாடி, கீழே இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. மூன்று தடவையும் ஏறக்குறைய அதேதான். மேலே கற்பூர மரம் இல்லை, சோலைதான். சாயங்காலம் மோட்டார் நின்றதும் மறுபடி அளக்கிறோம். வரைபடத்துக்கு மனு எழுதிவிட்டேன், நாளை கொடுக்கிறேன்.