ஜூனில் மவுண்ட் ஆடம்ஸ்: ஸ்கீயோடு ஏறி இறங்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

கேள்வி: பனிப்பாதை

வணக்கம். ஜூன் மூன்றாம் வாரம் நான்கு நண்பர்கள் வாஷிங்டன் மாநிலத்து மவுண்ட் ஆடம்ஸில் (12,281 அடி) தெற்கு வழியாக ஏறி, சவுத்வெஸ்ட் ஷூட்ஸ் சரிவில் ஸ்கீயில் இறங்கத் திட்டம். மூன்று பேருக்கு மலைப்பனியில் பழக்கம் உண்டு. ஒருவர் ஸ்கீ ரிசார்ட்டில் மட்டும் ஓட்டியவர். கார் நிறுத்தி ஏறத் தொடங்கும் கோல்ட் ஸ்பிரிங்ஸிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா, வழியில் கூடாரம் போடும் இடமான லன்ச் கவுன்டரில் ஓர் இரவு தங்க வேண்டுமா? கிளம்ப அதிகாலை 2 மணி என்கிறார் ஒருவர், 7 மணி போதும் என்கிறார் இன்னொருவர். கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்) கட்டாயமா?

பதில்: வடமேற்குக்காற்று

அந்த இருவர் சொல்வதும் சரிதான், கிளம்பும் இடம்தான் வேறு. இறங்கும் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அந்தச் சரிவு தென்மேற்கு பார்த்தது, வெயில் தாமதமாகத்தான் படும். தெளிவான நாளில் நண்பகலை ஒட்டித்தான் பனி இளகும். கோல்ட் ஸ்பிரிங்ஸ் 5,600 அடி, ஆக ஏற்றம் ஏறக்குறைய 6,700 அடி. மணிக்கு 1,000 அடி ஏறினாலும் ஓய்வோடு சேர்த்து எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். எனவே காரிலிருந்து என்றால் 2 அல்லது 3 மணி. லன்ச் கவுன்டரிலிருந்து மீதி 3,000 அடிதான், அங்கிருந்து 7 மணி போதும்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: ஷூட்ஸ் வழியாக இறங்கினால் லன்ச் கவுன்டர் வழியில் வராது. அது முகட்டின் மேல் இருக்கிறது, நீங்கள் மேற்கே தாழ்வில் போய்விடுவீர்கள். கூடாரத்தை அங்கே விட்டால் எடுக்க மறுபடி ஏற வேண்டும். ஷூட்ஸ்தான் வேண்டும் என்றால் கார் பக்கம் தூங்கி ஒரே நாளில் முடியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முந்தைய இரவு பனி உறைந்ததா என்பது. வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை வெளியே விட்டு நன்றாக இறுகும். இரவெல்லாம் மேகம் மூடியிருந்தால் வெப்பநிலை எண் நன்றாகத் தெரிந்தாலும் இறுகாது. விடியும்போது பூட்ஸ் குதிகாலால் ஓங்கி உதையுங்கள். கீறல் மட்டும் விழுந்தால் நல்ல உறைவு. மேலோடு உடைந்து கால் உள்ளே போனால் அன்று மேலே போக வேண்டாம்.

இறங்கும்போது மேல் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் இளகி, அடியில் கெட்டியாக இருக்க வேண்டும். ஸ்கீக்கு ஏற்ற அந்தப் பனியைத்தான் கார்ன் என்பார்கள். கணுக்கால் வரை புதைந்தால், பனி உருண்டைகள் தானாக உருளத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது, ஈரப் பனிச்சரிவு வரலாம். சீக்கிரம் இறங்குவதும் ஆபத்துதான்: 35 டிகிரி கண்ணாடிப் பனியில் விழுந்தவர் நிற்க மாட்டார்.

பதில்: கூர்முனை

கிராம்பானும் ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடரி) கட்டாயம். லன்ச் கவுன்டருக்கு மேலே, சிகரத்துக்கு முன் வரும் பைக்கர்ஸ் பீக் வரையான ஏற்றத்தில் காலையில் ஸ்கின் (ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) பிடிக்காது. ஸ்கீயை முதுகில் கட்டி நடந்தே ஏற வேண்டியிருக்கும்.

வீட்டிலேயே உங்கள் ஸ்கீ பூட்ஸில் கிராம்பானை மாட்டிப் பாருங்கள். ஸ்கீ பூட்ஸின் அடி நீளமானது, நடுப்பட்டை எட்டாமல் போகலாம். முன் கம்பி வளைந்த அடிப்பாகத்தில் சரியாக உட்காராமல் நழுவுவதும் உண்டு. மாட்டியதும் பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்துப் பலமாக உதறுங்கள். அசைந்தால் மலையில் கழன்றுவிடும். ஸ்கீ கிராம்பானின் (பூட்ஸில் அல்ல, ஸ்கீயில் மாட்டுவது) உள் அகலம் உங்கள் ஸ்கீயின் நடுப்பகுதி அகலத்தைவிட சில மி.மீ. மட்டும் கூடுதலாக இருக்கட்டும். ரொம்ப அகலமானால் பக்கவாட்டில் வளையும்.

ஸ்கின் நனைந்தால் பசை விடும். இரண்டு மூன்று ரப்பர் ஸ்ட்ராப் கையில் இருந்தால் வால்பக்கம் கட்டி ஒப்பேற்றலாம்.

கிராம்பானோடு உட்கார்ந்து சறுக்கவே கூடாது. ஒரு முனை சிக்கினாலும் கணுக்கால் முறியும். மற்றவர்கள் உட்கார்ந்து சறுக்கிய பள்ளங்கள் அந்தச் சரிவு முழுக்க இருக்கும். இரவில் அவை தண்டவாளம் போல உறைந்துவிடும், ஸ்கீயைக் குறுக்கே விடாதீர்கள்.

வெயிலை லேசாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், பனியும் திருப்பியடிக்கும். மூக்கின் அடி, தாடையின் அடி, காதுமடல் எல்லாம் சன்ஸ்கிரீன் பூசுங்கள். கண்ணாடியைக் கழற்றி நடந்தவருக்குக் கண் எரிச்சல் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும்.

கேள்வி: பனிப்பாதை

கூடாரம் விஷயம் தெரியாமல் இருந்தோம், மிக்க நன்றி. ரிசார்ட் நண்பரை ஷூட்ஸில் கூட்டிப் போகலாமா?

பதில்: வரைபடம்

முதுகில் 10 கிலோ பையோடு, ரிசார்ட்டின் இறுகிய செங்குத்துச் சரிவில் பக்கவாட்டாகச் சறுக்கி, சொன்ன இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஏறிய வழியிலேயே இறங்குங்கள். பைக்கர்ஸ் பீக்குக்குக் கீழே அகலமான பனி, அடியில் லன்ச் கவுன்டர் ஓரளவு சமதளம். விழுந்தாலும் நிற்க இடம் உண்டு. அவருக்காக நான்கு பேரும் ஒரே வழியில் வாருங்கள், பிரிய வேண்டாம்.

பைக்கர்ஸ் பீக் பொய்ச்சிகரம், கீழிருந்து பார்த்தால் அதுவே உச்சி போலத் தெரியும். உண்மைச் சிகரம் அதற்கும் 600 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஷூட்ஸ் தொடங்குவது பொய்ச்சிகரத்தின் பக்கத்திலிருந்துதான். கடிகாரம் நெருக்கினால் சிகரத்தை விட்டுவிடுங்கள், நல்ல பனியை விடாதீர்கள்.

ஷூட்ஸில் தவறு நடப்பது பெரும்பாலும் அடியில்தான். சரிவு சுமார் 4,000 அடி இறங்குகிறது, கால் தானாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். மரங்கள் தொடங்கும் முன்பே இடப்பக்கம் குறுக்காக நகர்ந்து ரவுண்ட் த மவுண்டன் டிரெயில் என்ற நடைபாதையைப் பிடிக்க வேண்டும். எந்த உயரத்தில் திரும்புவது என்று முதல் நாளே வரைபடத்தில் குறித்து நான்கு போன்களிலும் ஏற்றுங்கள். தவறவிட்டால் 2012 காட்டுத்தீயில் எரிந்து விழுந்த மரங்களுக்கு நடுவே ஸ்கீயைச் சுமந்து திரும்ப ஏற வேண்டியிருக்கும்.

அனுமதிச்சீட்டு: மே 1 முதல் செப்டம்பர் 30 வரை 7,000 அடிக்கு மேலே போகத் தேவை. மனிதக் கழிவைப் பையில் போட்டு இறக்கியாக வேண்டும், ஆளுக்கு ஒன்றிரண்டு பை வையுங்கள். கோல்ட் ஸ்பிரிங்ஸ் சாலையில் ஜூனிலும் பனி அடைத்திருக்கலாம். காரை எங்கே நிறுத்த நேரும் என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அந்த நடையையும் கிளம்பும் நேரத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.